ஒன்பது நாளைக்குப் போட்ட கம்பி

பெட்டியின் மூடியைத் திறந்ததும் கரப்பான் நாற்றம் குப்பென்று அடித்தது. மோகனராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு டார்ச்சை உள்ளே காட்டினான். கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டிவிட வேண்டிய சுவிட்சுக்குக் குறுக்கே ஒரு துண்டுக் கம்பி. சுவிட்ச் டிரிப் ஆனாலும் மின்சாரம் அதன் வழியே ஓடிக்கொண்டிருக்கும். எந்த மடையன் செய்த வேலை என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. அவனேதான், போன நவராத்திரிக்கு.

ஜெலுத்தோங்கில் அந்த வீடு கமலாம்பிகை அம்மாவுடையது. பின்னறைகளைப் பாயான் லெப்பாஸ் பேக்டரிப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அன்று சுவிட்ச் டிரிப் ஆகி ஆகிச் சாமியறை விளக்கு அணைந்துகொண்டே இருந்தது. அபசகுனம் என்று அம்மா கண்கலங்க, ஒன்பது நாளைக்குத்தானே என்று கம்பியைப் போட்டான். விஜயதசமியன்று வந்து கழற்றுவதாகச் சொல்லி, சுண்டலையும் வாங்கிக்கொண்டு போனவன் போனவன்தான். கோளாறு என்னவென்றுகூடப் பார்க்கவில்லை. விளக்கு அணையவில்லை; அம்மாவும் கூப்பிடவில்லை. நேற்று குளியலறையில், பின்னறையில் குடியிருக்கும் ரூபினியை மின்சாரம் தூக்கியடித்து, முழங்கையில் ஆறு தையல்.

கம்பியைப் பிடுங்கினான். சுவிட்சை ஏற்றியதும் டிரிப் ஆனது. எல்லா இணைப்புகளையும் நிறுத்தி ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தான். குளியலறை ஹீட்டரில் கோளாறு மாட்டியது. உள்ளே ஒரு பல்லி, கருகி, காய்ந்து, மின்முனைகளோடு ஒட்டிக்கிடந்தது. எர்த் கம்பி களிம்பேறித் தளர்ந்திருந்தது. பல்லியைச் சுரண்டியபோது வால் தனியாக வந்தது. கண்டுபிடிக்கப் பத்து நிமிடம். அன்றைக்கே அதைச் செய்யாத தன்னை நினைக்க, பல்லியைவிட அருவருப்பாக இருந்தது. ஹீட்டரைத் துண்டித்துவிட்டுக் குழாயைச் சோதித்தான். மின்கசிவு இல்லை.

கமலாம்பிகை அம்மா வந்து நின்றார். "தம்பி, அந்தக் கம்பிய திரும்பப் போட்டுடுங்க லா. இன்னிக்கு வெள்ளிக்கிழம, சாமி வெளக்கு மறுபடி அணையக் கூடாது. அந்தப் பிள்ள சிலிப்பர் போட்டுக் குளிக்கட்டும்."

மாட்டேன் என்றான். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கட்டுப்போட்ட கையோடு ரூபினி கேட்டாள்: "யாருண்ணே இப்படிப் போட்டது? செத்திருந்தா என்னா பண்ணியிருப்பான்?"

"யாரோ பழைய வயர்மேன்மா" என்றார் கமலாம்பிகை அம்மா, அவனைப் பாராமலே. அவன் தலையாட்டினான். ஆட்டிய தலையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

இனிப் பயமில்லை, குழாயைத் திறக்கலாம் என்று அவளிடம் சொன்னான். அவள் குளியலறை வாசலைத் தாண்டவில்லை.

"நீங்க மொதல்ல தொடுங்கண்ணே."

தானே சோதித்து முடித்த குழாய்தான். இருந்தும் அவன் கை பாதியில் ஒரு கணம் நின்றது. ரூபினி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.