புள்ளி உள்ளவை, இல்லாதவை

லைல் ஹாகன் துப்பாக்கிக்கென்று வார்த்த ஓர் ஈயக்குண்டை ஜன்னல் பக்கம் தூக்கி, முனையைத் திருப்பிப் பார்த்துவிட்டு இடதுபக்கத் தகர டப்பாவில் போட்டார். முனையில் புடைப்பாக ஒரு சிறு புள்ளி இருந்தால் அது அச்சின் முதல் குழியில் வார்த்தது. புள்ளி இல்லையென்றால் இரண்டாம் குழி. அந்த அடையாளத்துக்காக முதல் குழியில் ஆணியால் லேசாகக் குத்தி வைத்தவர் அவரேதான். ஒரே அச்சு, ஒரே ஈயம், வார்ப்பதும் ஒரே கை. ஆனாலும் இரண்டு குழிகளும் மயிரிழை அளவு வேறுபடும். கலந்து சுட்டால் குறிக்காகிதத்தில் ஓட்டைகள் சிதறிப்போகும்.

எதிரே ஸ்டூலில் வெர்ன் டோல்சன் உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பண்ணைக்காரர், பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர். அவரும் ஒரு குண்டை எடுத்துப் பார்த்து வலதுபக்கம் போட்டார். லைல் தலை நிமிராமலே அதை எடுத்து இடதுபக்கம் மாற்றினார்.

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுடா. வேட்டைக்குப் போறப்போ எந்த மாட்டைச் சுடுவியோ."

"சுட்டா உன் மாட்டைத்தான் சுடுவேன்" என்று சொல்லிவிட்டு வெர்ன் நாக்கைக் கடித்துக்கொண்டார். லைலிடம் இப்போது மாடுகள் இல்லை. மழை பொய்த்து, புல் கருகி, கோடை முடிவதற்குள் மந்தை முழுவதும் விலைபோய் லாரியில் ஏறிப்போயிருந்தது. அதற்குப் பிறகு அவர் தேவாலயத்துக்கு வரவில்லை. சாப்பாட்டுத் தட்டை அப்படியே நகர்த்தி வைத்தார். ஒரு மத்தியானம் கொட்டகைக்குள் போன மனைவி மார்லிஸ், அவர் மடியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கத்தவில்லை. வீட்டுக்குள் வந்து வெர்னுக்குப் போன் செய்தாள். வெர்ன் வந்து, "கொஞ்ச நாளைக்கு எங்க வீட்டு அலமாரியில இருக்கட்டும்டா" என்றபோது லைலே வீட்டிலிருந்த துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் வண்டியில் வைத்தார். அந்தப் பக்கத்து ஆண்கள் இதை ஒருவருக்கொருவர் செய்வதுண்டு. செய்துவிட்டு அதைப்பற்றிப் பேசுவதில்லை.

துப்பாக்கிகள் போய்விட்டன. ஈயமும் அச்சும் மட்டும் மிஞ்சின. லைல் குளிர்காலம் முழுக்க வார்த்தார். இப்போது பிரித்துக்கொண்டிருந்தார். நகரத்து டாக்டரைப் பார்க்க இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். மார்லிஸ் அந்த நாளை மட்டுமே எதிர்பார்த்து உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் குண்டு டப்பாவில் விழுந்தது. லைல் கையைத் துணியில் துடைத்தார்.

"முடிஞ்சுது. இனிமே சுட்டுப் பாத்தாத்தான் எந்தக் குழி நல்லதுன்னு தெரியும். பழைய துப்பாக்கியைக் கொண்டு வாடா. ஒரு மத்தியானம் போதும்."

வேறு யார் கேட்டிருந்தாலும் அது நியாயமான பேச்சு. சுடாமல் பிரித்து வைத்து என்ன பயன்? வெர்ன் அவர் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் இந்த மனிதரின் முகம் தனக்குப் படிக்கத் தெரியும் என்று அவர் நினைத்திருந்தார். வண்டியில் வரும்போது, ஆண்டவரே, என் வாயில் ஒரு வார்த்தையை வையும் என்று ஜெபித்திருந்தார். வார்த்தை எதுவும் வரவில்லை. தருகிறேன் என்றால் என்ன ஆகுமோ. மாட்டேன் என்றால் உன்னை நம்பவில்லை என்று அர்த்தம்.

"நீயும் கூடவே நின்னா கொண்டு வருவியா?" என்றார் லைல்.

"மாட்டேன்டா."

"ஏன்?"

"பயமா இருக்கு."

லைல் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே மார்லிஸ் பனியைச் சுரண்டித் தள்ளும் சத்தம் கேட்டது.

"எனக்கும்தான்" என்றார்.

வெர்ன் அவர் தோளைத் தொடலாமா என்று யோசித்தார். அவர்கள் அப்படித் தொட்டுக்கொள்கிறவர்கள் இல்லை. டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன் என்று சொல்லலாம், ஆனால் அதற்கு மூன்று வாரம் இருக்கிறது. நாளைக் காலைக்கென்று சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை.

"நாளைக்கு நான் என்னடா பண்றது?" லைல் மிக மெதுவாகக் கேட்டார். அடுப்புக்குப் போட விறகு இருக்கிறதா என்று கேட்பதுபோல.

வெர்ன் எழுந்து, ஈயம் உருக்கும் மின்பானையின் பொத்தானைத் தட்டினார்.

"உருக்கிடலாம். எல்லாத்தையும். நாளைக்குத் திரும்ப வார்க்கலாம். நானும் வரேன்."

"பைத்தியக்காரா. இவ்வளவு நேரம் பிரிச்சதுடா."

"ஆமா."

"நீ ஊத்தினா பாதிக்குப் பாதி குண்டுல சுருக்கம் விழும்."

"விழட்டும். திட்டு."

லைல் சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியைப் பானைப் பக்கம் இழுத்தார். ஆவி போக வெர்ன் கொட்டகைக் கதவைத் திறந்து, தோளால் தாங்கிப் பிடித்தார். குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. முற்றத்தில் மார்லிஸ் மண்வாரியை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தாள். பானையில் முதலில் போட்ட குண்டுகள் கொஞ்ச நேரம் விறைத்துக் கிடந்தன. பிறகு ஓரம் மழுங்கி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, பளபளப்பாக ஒன்றாயின. லைல் அடுத்த கைப்பிடியை அள்ளினார். பானைக்கு மேலே கை நின்றது. வெர்ன் கதவை விடவில்லை. பனி உள்ளே வந்து அவர் காலணியில் படிந்துகொண்டிருந்தது.