உனக்குத்தான் காது கேட்கிறதே

...அதைச் சைகையில் சொல்ல வழியே இல்லை, பாஸ்டர் மேடையிலிருந்து ஒரு சிலேடையை அவிழ்த்துவிட்டார், சபை சிரிக்கிறது, ஒரே ஒலிக்கு இரண்டு அர்த்தம் என்பதை ஒலியே தெரியாதவர்களுக்கு எப்படிச் சொல்வது, இந்த மனிதருக்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இப்படி ஏதாவது ஒன்று வந்துவிடுகிறது, கடைசியில் அவள் வழக்கம்போல, ‘அவர் ஒரு ஜோக் சொல்லிட்டார், எனக்காகக் கொஞ்சம் சிரிச்சு வைங்க’ என்று கைகளால் சொன்னாள், முதல் வரிசையில் இருந்த நான்கு பேரும் பெரிய மனது பண்ணிச் சிரித்து வைத்தார்கள். நான்கு பேருக்கும் பிறவியிலேயே காது கேளாது, அவர்களுக்கு நேரெதிரே மேடைக்குக் கீழே நின்று, பேசப்படுவதை எல்லாம் சைகை மொழியில் மாற்றித் தருவது அவள் வேலை, வேலை என்றால் சம்பளமில்லாத வேலை, பதினோரு வருடமாக. இன்றோடு சரி. ஆராதனை முடிந்ததும் பாஸ்டரிடம் சொல்லிவிட வேண்டியதுதான், கை வலிக்கிறது என்று சொல்லலாமா, வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னால் போதாதா, நம்பாத ஒன்றை இத்தனை நாளாக என் கையால் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது. அந்த நான்கு பேரில் ஒருவரான தையலக்கா கூடச் சிரித்தார். துணிக்கடையில் ஆல்டரேஷன் தைக்கும் தையலக்கா, ஒரே மகனை எட்டு மாதத்துக்கு முன்னால் பறிகொடுத்தவர், இருபத்திரண்டு வயது, எலக்ட்ரீஷியன், ஈரச் சுவரில் கை வைத்தவன் அப்படியே... இவர் எப்படி ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்து அதே நாற்காலியில் உட்காருகிறார் என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பிரமிப்பாக இருக்கும், கொஞ்சம் எரிச்சலாகவும்.

“ஜெபத்துக்குப் பதில் கிடைச்சவங்க முன்னால வந்து சொல்லலாம்” என்று பாஸ்டர் அழைத்தார், இதைத்தான் அவளால் தாங்க முடிவதில்லை, ஒருவர் வேலை கிடைத்ததைச் சொன்னார், ஒரு அம்மா சிறுநீரகக் கல் தானாகக் கரைந்துபோனதைச் சொன்னார், கேட்டேன், கொடுத்தார், கேட்டேன், கொடுத்தார், அவள் கைகள் தறி மாதிரி ஓடிக்கொண்டிருந்தன, மனம் மூன்று வருடத்துக்கு முந்தைய மருத்துவமனையில் நின்றது. தம்பியும் காது கேளாதவன்தான், அவனுக்காகத்தான் சின்ன வயதில் இந்த மொழியைக் கற்றாள், பேக்கரியில் மாவு பிசைகிறவன், கட்டிலில் கிடந்தபோதும் நகக்கண்ணில் மாவு ஒட்டியிருந்தது, ரத்தத்தில் வந்த நோய், டாக்டர் அவனைப் பார்க்காமல் அவளைப் பார்த்து, “இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்லைங்க, அவருக்குப் பக்குவமா சொல்லிடுங்க” என்றார், பக்குவமாக எப்படிச் சொல்வது, சைகையில் பக்குவம் ஏது, அவள் தன் கையாலேயே சொன்னாள். அவன் நகக்கண்ணில் இருந்த மாவைச் சுரண்டினான். பிறகு, ‘ஏன்னு அவர்கிட்ட கேளு’ என்றான். யாரிடம், டாக்டரிடமா? அவன் மேலே காட்டினான். ‘நீயே கேளேன்’ என்றாள். ‘கேட்டுட்டேன். ஆனா அவர் பதில் சொன்னா எனக்கு எப்படித் தெரியும், உனக்குத்தான் காது கேட்குதே’ என்று சொல்லிச் சிரித்தான், சாகப்போகிறவன் சிரித்தான். அவள் கேட்டாள். ஆறு வாரம் கேட்டாள், மொட்டை மாடியில், பஸ்ஸில், மருத்துவமனைக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு, தினமும் காலையில் வார்டுக்குள் நுழையும்போது அவன் புருவத்தை உயர்த்துவான், இவள் ‘இன்னும் இல்ல’ என்பாள், ‘லைன் பிஸி போல’ என்பான். ஒருநாள் காலை நுழைந்தபோது புருவம் உயரவில்லை. அதற்குப் பிறகு எதற்குக் கேட்பது, யாருக்காகக் கேட்பது... மூன்று வருடமாகக் கேட்கவில்லை. வருகிறாள், நிற்கிறாள், கைகளை ஆட்டிவிட்டுப் போகிறாள், அவ்வளவுதான்.

யாரோ எழுந்தார்கள். தையலக்கா. இவர் எதற்கு எழுகிறார், தண்ணீர் குடிக்கவா, இல்லை, நேராக மேடைப்படி ஏறுகிறார், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தையல் மெஷின் முன்னால் உட்காரப்போகிறவர் மாதிரி, ஐயோ அக்கா, வேண்டாம், இது பதில் கிடைத்தவர்களுக்கான நேரம், உங்களுக்கு என்ன கிடைத்தது சொல்வதற்கு. பாஸ்டர் மைக்கை அவளிடம் நீட்டினார், அவள்தான் குரல் கொடுக்க வேண்டும், இதில் ஒரு விதி உண்டு, ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது, அவர் ‘நான்’ என்றால் இவளும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும், கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. அக்கா கைகளை உயர்த்தினார். அவள் சொன்னாள், “எனக்குப் பதில் கிடைக்கல.” சபையில் யாரோ பழக்கதோஷத்தில் ஸ்தோத்திரம் என்றுவிட்டுப் பாதியில் நிறுத்தினார்கள். “எட்டு மாசமா தினமும் கேட்கிறேன், ஏன் என் பையன், ஏன் அன்னைக்கு, ஏன் அந்தச் சுவர். பதில் வரல. நீங்க எல்லாரும் பதில் சொன்னீங்க. ஆண்டவர் தோட்டத்துக்கு ஒரு நல்ல பூ தேவைப்பட்டுச்சுன்னு ஒருத்தங்க சொன்னாங்க.” அந்த வாக்கியத்தை அடக்கத்தன்று அக்காவுக்குக் கையால் சொன்னவளே அவள்தான், அக்கா அப்போது, ‘இது ஆண்டவர் சொன்னதா, இவங்க சொன்னதா’ என்று கேட்டதும் அவளிடம்தான். இதைக் கொஞ்சம் மழுப்பிச் சொல்லலாமா, சொன்னவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாரே... அக்காவின் கண் இவள் உதட்டிலேயே இருந்தது, மழுப்பவில்லை. “நீங்க அன்பாத்தான் சொன்னீங்க, தெரியும். ஆனா அந்தப் பதில் எனக்கு வேணாம். பூப்பறிக்க மனுஷங்க வீட்டுப் பிள்ளையை எடுக்கிற ஒருத்தரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சவர் அப்படிப்பட்டவர் இல்ல.”

அக்கா ஒரு நிமிடம் கைகளைத் தாழ்த்தித் தேய்த்துக்கொண்டார், ஊசி குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் காய்த்துப்போன கைகள், மறுபடி உயர்ந்தன, இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் அளந்து வெட்டுகிற மாதிரி, அவளும் மெதுவாகச் சொன்னாள், “அவர் ஏன் பேசமாட்டேங்கிறார்னு நீங்க எல்லாரும் பயப்படுறீங்க. உங்களுக்குக் காது கேட்குது, அதனால பேசலன்னா ஆளே இல்லன்னு தோணுது. எனக்குப் பேச்சு வராத இடம் புதுசில்ல. என் பையன் குரலை நான் ஒருநாளும் கேட்டதில்ல. இருபத்திரண்டு வருஷம். அவன் அழுதது, பாடினது, அம்மான்னு கூப்பிட்டது, ஒண்ணும் கேட்டதில்ல. அதனால அவனை எனக்குத் தெரியாதுன்னு சொல்வீங்களா.” அவளுக்கு அடுத்த சொல் வரவில்லை, அக்காவின் கை போய்க்கொண்டே இருந்தது, பிடித்தாக வேண்டும், ஒரு வாக்கியம் விட்டால் போயிற்று, “நான்... நான் அவர்மேல கோபமாத்தான் இருக்கேன். நேர்ல பார்க்கும்போது முதல்ல இதைத்தான் கேட்பேன். அதுவரைக்கும் சண்டை போட்டுக்கிட்டே கூடவே இருப்பேன். விட்டுட்டுப் போகமாட்டேன். நான் நம்புறேன்.” மைக் வழியாகத் தன் குரல் பின்சுவரில் போய் முட்டித் திரும்புவது அவளுக்குக் கேட்டது, நான் நம்புகிறேன், அது அக்காவின் நான், அவளுடையதல்ல, அது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்தச் சொல் வாயிலிருந்து வரும்போது பல்லில் எதுவும் தடுக்கவில்லையே, மூன்று வருடமாகக் கையால் எத்தனையோ முறை சொன்ன பொய், வாயால் சொல்லும்போது ஏன் பொய் மாதிரி இல்லை... இந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு தைரியம், ஒரு சமாதானமும் கையில் இல்லாமல், ஒரு விளக்கமும் இல்லாமல், வெறும் கையோடு மேடையேறி நிற்பதற்கு. அக்கா கும்பிட்டுவிட்டு இறங்கினார், கண்ணில் ஒரு சொட்டு இல்லை, நாற்காலியில் உட்கார்ந்து தலைப்பை எடுத்துவிட்டுக்கொண்டார், ஒரு பிளவுஸ் முடிந்தது, அடுத்ததை எடுக்கலாம் என்பது போல.

பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொண்டார், சின்ன வயது, எதற்கும் ஒரு வாக்கியம் தயாராக வைத்திருப்பவர், தயாரித்து வந்த தாள்களை மடித்துப் பைபிளுக்குள் வைத்தார். “நான் பேச இருந்ததை இன்னைக்குப் பேசப்போறதில்ல. எல்லாரும் கொஞ்ச நேரம் மௌனமா ஜெபிப்போம்” என்றார், அதற்காகவே அவரை அவளுக்கு அன்று பிடித்துப்போயிற்று, சிலேடைகளை மன்னித்துவிடலாம். முந்நூறு பேர் கண்ணை மூடினார்கள். காது கேளாதவர்களுக்குக் கண்ணை மூடி ஜெபிப்பது கட்டுப்படியாகாது, கண்ணை மூடினால் எல்லாமே போய்விடும், அதனால் அந்த நான்கு பேரும் அவளும் மட்டும் திறந்த கண்களோடு இருந்தார்கள். மேடையில் சொல் இல்லை, அவள் மாற்றித் தருவதற்கு ஒன்றுமில்லை, கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மின்விசிறி சுற்றுகிறது, யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள், வெளியே ஒரு லாரியைப் பின்னால் எடுக்கிறார்கள், முழு ஹாலிலும் அவள் காதுக்கு விழுந்தது இவ்வளவுதான், தம்பி, உனக்குத்தான் காது கேட்குதே என்றாயே, இதுதான் கேட்கிறது. இடுப்பளவில், யாருக்கும் தெரியாதபடி, அவள் வலது கை அசைந்தது, முதலில் தம்பியின் பெயர், அவர்கள் வீட்டில் மட்டும் வழங்கிய சைகை, அவனுக்குத் தழும்பு இருந்த இடத்தில் தன் தாடையை விரலால் தொடுவது, கை மேலே போய்த் தொட்டுவிட்டு இறங்கியது, பிறகு, ஏன். மறுபடி, ஏன். நிறுத்த முடியவில்லை, மூன்று வருடத்துக்கும் சேர்த்து, ஏன், ஏன். தையலக்கா பார்த்துக்கொண்டிருந்தார், எத்தனை நேரமாகப் பார்க்கிறாரோ, அவர் மடியிலிருந்து கையைச் சற்றே உயர்த்திக் கேட்டார், ‘என்கிட்டயா கேட்கிற?’ அவள் யோசிக்கவே இல்லை, இல்லை என்று தலையசைத்தாள். அக்கா சரி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார், இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது நாகரிகமாக விலகிப்போகிறவர் மாதிரி. அதற்கு அப்புறம்தான், அசைத்த தலை அசைத்தபடியே நிற்க, அவளுக்குத் தோன்றியது... அக்காவிடம் இல்லையென்றால், நான் யாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்...