சுங்க அதிகாரியின் உயரம்

வெளிநாட்டுச் செருப்புக்கு இறக்குமதி வரி பத்து சதவீதத்திலிருந்து நாற்பதாக ஏறிய அன்று, துறைமுகத்தில் செருப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த சுங்க அதிகாரி மதியத்துக்குள் மூன்றடி வளர்ந்துவிட்டார். அவர் மனைவி பதினோரு பேரை வைத்துச் செருப்புப் பட்டறை நடத்துபவள். வாசலில் குனிந்து நின்ற புருஷனைப் பார்த்ததும் அவள் பதறவில்லை. பழுப்புக் காகிதத்தை விரித்துப் பென்சிலால் பாதத்தின் அளவை வரைந்து, ஓரத்தில் தேதியும் போட்டாள். அளந்து பார்க்காமல் அவள் எதையும் நம்பியதில்லை. வெளிநாட்டுச் சரக்கு குறைந்ததால் பட்டறை பிழைத்துக்கொண்டது. ஆனால் கடைக்காரர்கள் போட்டியில்லை என்று விலையை ஏற்றினார்கள், பட்டறையிலும் தையல் கொஞ்சம் கோணலானது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த வருடம் பணக்கார நாட்டுத் தூதுக்குழு கப்பலில் வந்து இறங்கியது. வியாபாரத்துக்கு வேலி எதற்கு, வரியைப் பூஜ்யமாக்குங்கள் என்று நான்கு நாள் தேனொழுகப் பேசினார்கள். பட்டறைக்காரிக்குப் பொம்மைப் பிரிவு நினைவுக்கு வந்தது. பொம்மைகளுக்கு வரி பூஜ்யமானபோது அந்தப் பிரிவு அதிகாரி சுருங்கிச் சுருங்கி, மேசை இழுப்பறைக்குள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். இப்போது கூப்பிட்டால் குரல் மட்டும்தான் வருகிறது. ஊரில் இருந்த இரண்டு பொம்மைக் கம்பெனிகளும் அப்படியே போயின. பட்டறையும் புருஷனும் ஒரே கையெழுத்தில் போவதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் குழுத் தலைவரின் காலணி அடி பிளந்துகொண்டது. ஒட்டித் தர அவளைக் கப்பலுக்கு அழைத்தார்கள். மேல்தளத்தில் ஒரு தார்ப்பாய்க்கு வெளியே இரண்டு வெறுங்கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றும் ஒரு கட்டில் நீளம். பாயைத் தூக்கினால், அந்த நாட்டுச் செருப்புப் பிரிவுச் சுங்க அதிகாரி கூச்சத்தோடு படுத்திருந்தார்.

"செருப்பு போடலையா தம்பி?"

"எங்க ஊர்ல என் அளவுக்குக் கிடைக்கலைங்க. வெளியூர்ச் செருப்பை நாந்தான் உள்ள விடுறதில்லையே."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு குரல் வணக்கம் சொன்னது. அது தோல் பிரிவு அதிகாரி. பதனிடாத தோலுக்கு அவர்கள் நாட்டில் வரி கிடையாது.

அவள் பன்னிரண்டு காகிதங்களை ஒட்டி ஒரு பாதத்தை வரைந்தாள். நேரே பேச்சுவார்த்தை அறைக்குப் போய் மேசைமேல் விரித்தாள். காகிதம் மேசையை மூடி, தலைவர் மடியிலும் விழுந்தது. பக்கத்தில் புருஷனுடைய பாதம் வரைந்த பழைய காகிதத்தை வைத்தாள். அது பொடியாகத் தெரிந்தது. குழுவினர் ஆளுக்கொரு பக்கம் கூரையைப் பார்த்தார்கள்.

"எங்க வீட்டுக்காரர் நிமிர்ந்து நிக்கிறது உங்களுக்கு உறுத்துது. உங்க ஆளைப் படுக்கப் போட்டு மூடிட்டு வந்திருக்கீங்க. தோல் மட்டும் சும்மா வரணும், செருப்பு வரக்கூடாது, அப்படித்தானே? முதல்ல அவரு இறங்கட்டும். எங்காளு மெதுவா இறங்குவாரு. ரெண்டு பேரும் மனுஷ உயரத்துல நின்னா போதும்."

ஒப்பந்தம் கிட்டத்தட்ட அப்படியே எழுதப்பட்டது: செருப்பு வரியைக் குறைக்க அவர்களுக்கு மூன்று வருடம், இவர்களுக்குப் பதினொன்று, இரண்டும் பத்து சதவீதத்தில் நிற்கும். அந்த நாட்டு அதிகாரி மளமளவென்று இறங்கினார். நான்காம் வருடம் அவள் அனுப்பிய முதல் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து, தனக்கும் ஒரு ஜோடி எடுத்துக்கொண்டார். இவர் வருடத்துக்குச் சில விரற்கடை குறைந்தார். போட்டி திரும்ப வருகிறது என்று தெரிந்ததும் பட்டறையில் தையல் நேரானது. பதினோரு பேர் நாற்பதானார்கள். அக்கம்பக்கத்தார் அவர் உயரத்தை அரிசி விலையைப் போலத்தான் விசாரித்தார்கள்.

பதினோராம் வருடம், வரி பத்தைத் தொட்ட காலை, அவர் பட்டறைக்குள் வந்து அவளெதிரே நின்றார். இத்தனை வருடமும் அவருடைய சட்டைப் பித்தானைப் பார்த்துத்தான் அவள் சண்டை போட்டிருந்தாள். இன்று முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, இப்படி வயசாயிடுச்சு உங்களுக்கு?"

"உனக்கு வகிடு நரைச்சு ஆறு வருஷமாச்சு. மேலேர்ந்து பார்த்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"சொல்லவே இல்லையே."

"அவ்வளவு உயரத்துலேர்ந்து சொன்னா, கத்துற மாதிரி இருந்திருக்கும்."

அவள் சிரித்தாள். பிறகு பழுப்புக் காகிதத்தை எடுத்து, உட்காரச் சொல்லி, அவருக்கு அளவெடுத்தாள்.