புகைக்காதவன் சான்றிதழ்

நுரையீரல் சோதனை அறையில் வேலை பார்ப்பவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் அது யாருக்கும் நினைவில்லை. காலை எட்டரையிலிருந்து, மூக்கில் கிளிப் மாட்டி உட்கார்ந்தவர்களைப் பார்த்து "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று கத்துவதே தொழில் என்பதால் அவள் ஊதக்கா. தலைமை மருத்துவர்கூட ஒரு கோப்பில் 'ஊதக்கா பார்வைக்கு' என்று எழுதிவிட்டார். யாரும் திருத்தவில்லை.

அவளுடைய தம்பி போன் பழுது பார்ப்பவன். வயது இருபத்தேழு. அவள் வீடு மூன்றாம் மாடியில். கொஞ்ச நாளாக அவன் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று, முக்கியமான செய்தி வந்தவன்போலப் போனைப் பார்க்க ஆரம்பித்திருந்தான். ஒருநாள் எட்டிப் பார்த்தாள். போன் அணைந்திருந்தது, அவனுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காதைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்து குழாயை வாயில் வைத்தாள். அந்த வயதுக்கு நூறு வர வேண்டிய இடத்தில் எழுபத்தொன்று வந்தது.

"சிகரெட்டாடா?"

"சத்தியமா இல்லக்கா. எனக்கு அந்த நாத்தமே ஆகாது."

"அப்ப எழுபத்தொண்ணு எப்படி வந்துச்சு?"

அவன் சட்டைப் பையிலிருந்து மார்க்கர் பேனா மாதிரி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். அறை முழுக்க மாம்பழம் மணத்தது.

"வேப்புக்கா. பேட்டரில சூடாகி வர்ற வெறும் ஆவிதான். கெட்டில்ல வருதே, அந்த மாதிரி."

"தூங்குற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கெட்டில வாயிலயா வச்சிருப்பாங்க?"

அவன் விட்டுப் பார்க்காதவன் இல்லை. இரண்டு நாள் விட்டான். கடுகளவு திருகாணிகள் விரலில் நிற்காமல் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. மூன்றாம் நாள் ஒரு வாடிக்கையாளரின் போன் திரையில் விரிசல் விழுந்தது. முதலாளி, "பேனாவ வாயில வை, இல்ல வேற வேலை பாரு" என்றார்.

தனியாக விட முடியாது என்பது ஊதக்காவுக்குத் தெரிந்தது. அதே ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் புகை நிறுத்தும் மையம் இருந்தது. பன்னிரண்டு வாரம் மருந்து, வாராவாரம் பேச ஓர் ஆலோசகர். தம்பிக்கு அங்கே ஓர் இடம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்தப் பேனாவை அரசு மூன்று வருடத்துக்கு முன்பே தடை செய்துவிட்டது. அறிவிப்பில் சிதைந்த நுரையீரல் ஒன்றின் படமும், அதைவிடப் பெரிதாக அமைச்சரின் படமும் இருந்தன. அன்று மாலையே சட்டம் அமலுக்கு வந்தது: ஆஸ்பத்திரிக்கு எதிரே போன் உறை விற்கும் கடையில் பேனாக்கள் கண்ணாடிப் பெட்டியிலிருந்து மேசை இழுப்பறைக்கு மாறின.

மையத்தில் ஆலோசகர் கைக்கு அடக்கமான ஒரு கருவியை நீட்டினார். எரிந்த புகை உடம்பில் விட்டுப்போகும் நச்சுக்காற்றை அது அளக்கும். பத்துக்கு மேல் வந்தால் புகைப்பவர். தம்பி ஊதினான். இரண்டு.

ஆலோசகர் எழுந்து கைகொடுத்தார். "அருமை தம்பி. நான் ஊதினாலே மூணு வருது."

"சார், அது எரிஞ்ச புகையத்தான் புடிக்கும். இவன் எதையும் எரிக்கலையே," என்றாள் ஊதக்கா.

"எரிக்கலன்னா நல்லதுதானக்கா?"

"கீழ என் ரூம்ல எழுபத்தொண்ணு வருது சார்."

"கீழ வர்றது கீழ. இங்க படிவத்துல என்ன இருக்கு பாருங்க. சிகரெட், சுருட்டு, மெல்லும் புகையிலை. நீங்க சொல்றதுக்குக் கட்டமே இல்ல. துணை இயக்குநர் எழுதிக் குடுத்தா சேத்துக்கறேன்."

துணை இயக்குநர் 'புகையற்ற நாளை' குழுவின் தலைவர். அவர் அறையில் காற்றைச் சுத்தப்படுத்தும் இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அலமாரியில் பதினோரு கேடயங்கள், பன்னிரண்டாவதுக்குத் துடைத்து வைத்த இடம். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பதவி உயர்வே அதற்குத்தான் என்று சொல்வார்கள்.

"பாருங்கம்மா. அந்தப் பொருளுக்குத் தடை இருக்கு. தடை இருக்கறதால அது கிடையாது. கிடையாத ஒண்ணுக்கு நான் எப்படிக் கட்டம் போட முடியும்?"

"என் தம்பி பையில இருக்கு சார்."

"அப்ப அது குற்றம். பேர் எழுதிக்கட்டுமா?"

"வேண்டாம் சார்."

அவர் ஓர் அறிக்கையைப் புரட்டி விரல் வைத்துக் காட்டினார். "ஆவிக் கருவியால பாதிக்கப்பட்டவங்க, போன வருஷம் பூஜ்யம். அதுக்கு முந்தின வருஷமும் பூஜ்யம். இந்தப் பூஜ்யத்துக்கு நாங்க என்ன பாடு பட்டிருக்கோம்னு உங்களுக்குத் தெரியாது. உங்க தம்பி ஒருத்தருக்காக அத ஒண்ணாக்கச் சொல்றீங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் அவரே, பூசாரியும் அவரே.

வெளியே வந்தவளை ஆலோசகர் நடைபாதையில் மடக்கினார். கெட்டவர் இல்லை. கட்டம் இல்லாத இடத்திலும் கொஞ்சம் இரக்கம் வைத்திருந்தவர்.

"ஊதக்கா, நான் சொன்னேன்னு வெளிய சொல்ல வேண்டாம். ரெண்டு சிகரெட் புடிச்சிட்டு வரச் சொல்லுங்க. பத்தத் தாண்டிடும், சேத்துடறேன். மருந்தெல்லாம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

இருபது வருடமாக அடுத்தவர் மூச்சை அளந்தவள், அன்று தன் கையாலேயே ஒரு சிகரெட் பாக்கெட் வாங்கினாள். ஆம்புலன்ஸ் நிறுத்தத்தின் பின்னால் தம்பியை நிறுத்தி, யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டாள். அவனுக்குக் குமட்டியது.

"மருந்துன்னு நெனச்சுக் குடிடா."

"கசப்பு மருந்துன்னு சொல்லிருந்தா மூக்கப் பொத்திட்டாவது குடிச்சிருப்பேன். இத எப்படிக்கா மூக்கப் பொத்திட்டு இழுக்கறது?"

பதினான்கு வந்தது. ஆலோசகர் 'சிகரெட்' கட்டத்தில் டிக் அடித்தார். 'நாளொன்றுக்கு இரண்டு' என்றும் எழுதினார், பொய் சொல்லக் கூடாது என்று.

ஆனால் காத்திருப்போர் வரிசை ஏழு வாரம். வாராவாரம் வந்து ஊத வேண்டும். பத்துக்குக் கீழே போனால், தானாகத் திருந்திவிட்டார் என்று பெயரை அடித்துவிடுவார்கள். முதல் மூன்று வாரம் ஊதக்காதான் ஆம்புலன்ஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனாள். நான்காவது வாரம் அவள் தேடிப்போனபோது அவன் ஏற்கெனவே அங்கே நின்று புகைத்துக்கொண்டிருந்தான். அன்று செவ்வாய்க்கிழமை. ஊத வேண்டிய நாள் வெள்ளி.

"சும்மா பழகிக்கலாம்னுதான்க்கா," என்றான். அவனுக்குக் குமட்டவில்லை.

மருந்து தொடங்கியது. நாளுக்கு இரண்டு சிகரெட் என்று படிவத்தில் இருந்ததால் அதற்கேற்ற அளவில் சூயிங்கம் கொடுத்தார்கள். பேனாவின் பசிக்கு அது சோளப்பொரி. ஆலோசகர் வாராவாரம் சிகரெட்டைப் பற்றி அன்பாகப் பேசினார். பேனாவைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டால் பதிலை எங்கே எழுதுவது? பழகி மூன்று மாதம்கூட ஆகாத சிகரெட் எளிதாக உதிர்ந்தது. பேனா அவன் பையிலேயே இருந்தது, வாசனை மட்டும் மாம்பழத்திலிருந்து புதினாவுக்கு மாறியிருந்தது.

பன்னிரண்டாவது வாரம் கருவி இரண்டு காட்டியது.

விழா கூட்ட அரங்கில் நடந்தது. துணை இயக்குநர் சான்றிதழை நீட்டினார். 'இவர் புகைக்காதவர்' என்று பொன் எழுத்தில் இருந்தது. "நம்ம ஊழியர் குடும்பத்துலயே ஒரு வெற்றி," என்று மைக்கில் சொல்லி, ஊதக்காவையும் மேடைக்கு அழைத்தார். படம் எடுத்தவர் சிரிக்கச் சொன்னார். தம்பி சிரிக்கும்போது இருமல் வந்து முதல் படம் கெட்டது. இரண்டாவதில் அடக்கிக்கொண்டான். மையத்தின் வெற்றிப் பட்டியலில் ஒன்று கூடியது. பூஜ்யத்துக்கு எந்தச் சேதமும் இல்லை.

கூட்டம் கலைந்ததும் அவனைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கிளிப்பை மாட்டினாள்.

"ஊது. விடாத. இன்னும்."

அவன் சீக்கிரமே விட்டுவிட்டான். ஐம்பத்தெட்டு.

கணினி அடுத்த வரியைக் கேட்டது. புகைப் பழக்கம்: 'நிறுத்திவிட்டார்' என்று மையத்திலிருந்து ஏற்கெனவே ஏறியிருந்தது. அவளால் மாற்ற முடியாது. 'சரிவுக்குக் காரணம்' என்ற கட்டத்தில் அவள் வெகுநேரம் விரலைத் தூக்கி வைத்திருந்தாள். கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி மேலே போகவிடாது. 'தெரியவில்லை' என்பதை அழுத்தினாள்.

வீட்டுக்குப் போகும்போது சான்றிதழைச் சுருட்டி அவளே பிடித்துக்கொண்டாள். அவன் முன்னால் ஏறினான். இப்போது முதல் மாடித் திருப்பத்திலேயே நின்று போனை எடுத்துப் பார்த்தான். ஊதக்கா கேட்கவில்லை. இரண்டு படி கீழே நின்று, தன் போனையும் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.