ஓப்ரென் பூட்ஸைக் கழற்றவில்லை

ஆற்றைக் கடந்து வந்த கெரில்லாப் படை மொத்தமும் நெருப்பைச் சுற்றிக் காலைக் காய வைத்துக்கொண்டிருந்தது. போஸ்னியக் காட்டில் முழங்கால் வரை பனி கிடந்த மதியம் அது. மானம் மரியாதை எல்லாம் அப்புறம், முதலில் கால் என்று ஆளாளுக்குப் பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார்கள். ஓப்ரென் மட்டும் ஈரப் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தான்.

"என்ன மாப்ளே, கழட்டினா நாத்தத்துல ஜெர்மன்காரன் ஓடிருவான்னு பயமா? ஓடட்டுமே," என்றான் சமையல்காரன் யோக்கான், சோளக்களியைக் கிண்டியபடி. எல்லோரும் சிரித்தார்கள். ஓப்ரெனும் சிரித்து வைத்தான்.

பூட்ஸுக்குள் இருந்தது சிவப்புக் காலுறை. காயங்களுக்குக் கட்டுப் போடும் ஸ்மிலியா பின்னிக் கொடுத்தது. படையில் சிவப்பு ஸ்வெட்டர் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். போன மாதம் அதன் இரண்டு கைகளும் காணாமல் போயின. எலி தின்றுவிட்டது என்று சமாளித்தாள். தையல் பிசகாமல் தின்ற எலியை யாரும் நம்பவில்லை.

போர் முடியும்வரை படைக்குள் காதல் கூடாது. மீறினால் ஆணின் பொறுப்பு பறிபோகும், பெண் வேறு பிரிவுக்குப் போக வேண்டும். ஓப்ரெனை முப்பது பேருக்குத் தலைவனாக்குவதென்று அன்று காலையில்தான் முடிவாகியிருந்தது. அடுத்தவன் ஆட்டை மேய்த்து, அடுத்தவன் கையால் அடிவாங்கி வளர்ந்தவன் அவன். அவனை மரியாதையாகத் தோழர் என்று கூப்பிட்டது இந்தக் காடு மட்டும்தான்.

களி வேகும் நேரத்தில் கூட்டம் போடுவது அவர்கள் வழக்கம். தப்பு செய்தவர் தானே எழுந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்றவர்கள் கேட்பார்கள். அரசியல் பொறுப்பாளர் வாசோ, ஸ்வெட்டரின் கைகள் எங்கே போயின என்று ஸ்மிலியாவிடம் கேட்டார். அவள் மழுப்பவில்லை.

"ஒருத்தருக்குச் சாக்ஸ் பின்னிக் குடுத்தேன். எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. பேர் மட்டும் கேக்காதீங்க, தோழர்."

அந்த ஆள் எழுந்து ஒப்புக்கொண்டால் அவன் பொறுப்பு மட்டும் போகும், அவள் இங்கேயே இருக்கலாம் என்றார் வாசோ. இல்லாவிட்டால் அவள் காயம்பட்டவர்களை அழைத்துக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதுதான். அந்தப் பாதையில் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டே இருந்தன. போனவர்களில் பாதிப் பேர் போய்ச் சேரவில்லை.

எழுந்துவிடலாம் என்று ஓப்ரென் நினைத்தான். நினைத்துக்கொண்டே இருந்தான். நாக்கு ஒட்டிக்கொண்டதென்று பிற்பாடு தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தான். பொய். நாக்கு நன்றாகத்தான் இருந்தது. எழுந்தால் மறுபடியும் வெறும் ஆட்டுக்காரன் ஆகிவிடுவோம் என்ற பயம்தான் அவனைப் பிடித்து உட்கார வைத்தது. இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே தவழ்ந்து போனவன், இதற்குப் போய் நடுங்கினான்.

அவளை அனுப்பச் சம்மதிப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றார் வாசோ. யாரும் தூக்கவில்லை. அப்போது ஸ்மிலியா, ஓப்ரென் பக்கம் திரும்பாமலே, தன் கையைத் தானே தூக்கினாள். பிறகு ஒவ்வொரு கையாக எழுந்தது. ஓப்ரெனின் கையும் எழுந்தது. அப்போது அவனுக்கு வந்தது துக்கம்கூட இல்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. சே, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று அடுத்த நொடியே கூசிப்போனான்.

கூட்டம் கலைந்தபோது வாசோ குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"இனிமேலாவது பூட்ஸைக் கழட்டு, ஓப்ரென். கால் அழுகிடும்."

ஆக, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தே, அவன் எழுந்து நிற்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். கழற்றினான். நனைந்த சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. யாராவது ஒரு கேலி பேசமாட்டார்களா என்று ஏங்கினான். யோக்கான்கூடப் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஸ்மிலியா மருந்துப் பையோடு எதிரில் வந்து நின்றாள். நேற்றுவரை யாருமில்லாத நேரத்தில் அவனை வாடா போடா என்று கூப்பிட்டவள்.

"ஸ்ட்ரெச்சர்ல ஒருத்தர் வெறுங்காலோட கெடக்கார். அதைக் கழட்டித் தாங்க, தோழர்."

கொடுத்தான். அவள் ஈரத்தைப் பிழிந்து, பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். அவனுடைய வெறுங்கால்களில் நெருப்பின் சூடு இதமாக ஏறியது. காலை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தான். இழுத்துக்கொள்ளவில்லை.