ஆணி அடிக்காத சுவர்

"தாபோடி வீட்டுக்கா, வாகட் வீட்டுக்கா?" என்று சவ வண்டி டிரைவர் மறுபடியும் இந்தியில் கேட்டான்.

"வாகட்" என்றாள் பார்வதி.

முகுந்த் பதறிப்போனான். "அம்மா, சண்டே புது டெனன்ட் வர்றாங்க. பெயிண்ட் அடிச்சாச்சு. பாடி வெச்ச வீடுன்னு தெரிஞ்சா ஓடிடுவாங்க. அப்பாவே வேணாம்னுதான் சொல்லுவாரு."

"சொல்லுவாரு. இன்னிக்காவது அந்த மனுஷன் சொந்த வீட்டுல படுக்கட்டும்டா."

வண்டிக்குள் கிடந்த அவள் கணவர் பரமசிவம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாகட்டில் மூன்று ஃப்ளாட் வாங்கியவர். குடியிருந்தது என்னவோ தாபோடியில், வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில்தான். "யார் கிட்டயும் கை கட்டி நிக்காம, வாடகையிலயே சாப்பிடணும் பார்வதி. அதுதான் சுதந்திரம்" என்பார். எப்போது குடிபோகலாம் என்று கேட்டால், அடுத்த ஃப்ளாட்டின் கடன் முடியட்டும் என்பார். அவளும் தலையாட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டாள். ஒரு தடவையாவது சண்டை போட்டிருக்கக் கூடாதா, பாவி!

தாபோடி வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார். கல்யாணப் படம் டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது. தன் ஃப்ளாட்டுகளுக்குக் குடிவந்தவர்களுக்குப் பரமசிவமும் அதே சட்டத்தைத்தான் போட்டார்.

வாகட் வீட்டில் ஒரு சொம்புகூட இல்லை. அவரைக் குளிப்பாட்ட எதிர்வீட்டு நஸ்ரின்தான் பக்கெட் கொடுத்தாள். "குழாய் ரிப்பேர் பண்ண வருவாரே, அவரா? ஓனர்னே தெரியாது ஆன்ட்டி" என்று இந்தியில் சொல்லி அழுதாள். பார்வதி அப்போதுதான் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

தகனம் முடிந்ததும் முகுந்த் தாபோடிக்குப் போய் விளக்கை எடுத்துவந்தான். அவள் கேட்டிருந்த கல்யாணப் படத்தையும் கொண்டுவந்தான். அவன் கைபேசி அடித்தது.

"டெனன்ட்தான்மா. என்ன சொல்லட்டும்?"

"வர வேணாம்னு சொல்லு. வாங்கின அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துடு. நான் இங்கதான் இருக்கப் போறேன்."

"தனியாவா?"

அவள் விளக்கை ஏற்றி, அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் வைத்தாள்.

"படத்தை எங்கம்மா வெக்கறது?"

"ஆணி அடிச்சு மாட்டு."

புதுப் பெயிண்ட் சுவரில் முகுந்த் ஆணியை வைத்து ஓங்கி அடித்தான். காரை பெயர்ந்து தரையில் சிதறியது. பார்வதி சட்டென்று குனிந்து, வீட்டுக்காரர் பார்த்துவிடுவாரோ என்பதுபோல் அதை முந்தானையில் வழித்து எடுத்தாள்.