ஐந்தாவது யார், ஆறாவது யார்

டார்சி கிம்பிளுக்கு அன்றைக்கு இருப்பே கொள்ளவில்லை. ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் மூன்று இருக்கை மாறிவிட்டார். முதல் இடத்தில் மண்டையைப் பிளக்கும் வெயில். இரண்டாவது இடத்தில் பக்கத்து ஆள் வேர்க்கடலைத் தோலை அவர் மடியிலேயே ஊதித் தள்ளினான். மூன்றாவது இடத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனால் எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது.

பேஸ்பாலில் கீழ் அணிகளில் ஆடும் பையன்களைப் பார்த்து, எவன் தலைமை அணிவரை போவான், எவன் பாதியில் உதிர்ந்துவிடுவான் என்று வரிசைப்படுத்தி அனுப்புவதுதான் அவர் வேலை. தலைமுடி முழுக்க அந்த வேலையில்தான் போயிற்று. யாருக்காகவும் ஒரு பெயரைக்கூட ஏற்றியதில்லை, இறக்கியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

இன்றைக்கு, வேறு அணிகளோடு வீரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள். காலையிலிருந்து தலைமை அலுவலகத்து அக்கெர்லி விடாமல் போன் செய்துகொண்டிருந்தான். மகன் வயது, ஆனால் முதலாளி.

"டார்சி, அந்த மேற்கு அணிக்காரங்க நமக்குப் பந்து வீச ஒரு நல்ல பிட்சரைத் தர்றாங்க. பதிலுக்கு யாண்டெல், இல்லேன்னா பிரானிக். உங்க வரிசையில முதல் அஞ்சு பேரை நான் தர்றதா இல்லை. நாலு பேர் முடிவாயிடுச்சு. அஞ்சாவது யாரு, ஆறாவது யாரு? அஞ்சு இங்க இருப்பான், ஆறு அங்க போவான். சட்டுனு சொல்லுங்க."

"ஆட்டத்தைப் பாத்துட்டுச் சொல்றேன்."

"மூணு வருஷமாப் பாக்கறீங்க. இன்னும் என்னத்தப் பாக்கணும்?"

கேட்டது நியாயம்தான், அதனால்தான் டார்சிக்குக் கோபம் வந்தது.

யாண்டெல் தவேராஸ் மைதானத்தில் இருந்தான். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப். டொமினிகன் நாட்டில், கண்ணாடித் துண்டு கிடந்த திடலில் பதினாறு வயதில் அவனைக் கண்டுபிடித்ததே டார்சிதான். கூட்டத்துக்குக் கூட்டம் அவனுக்காக மேசையைத் தட்டியவர். உண்மையைச் சொன்னால் அவனுக்கு ஐந்தாவது இடமே குறைச்சல். ஆனால் அதைச் சொல்வது தொழில் தெரிந்த கண்ணா, வளர்த்த பாசமா? காலையிலிருந்து அவரை அரித்துக்கொண்டிருந்தது அதுதான்.

பிரானிக் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். நாளைக்குப் பந்து வீச வேண்டியவன் இன்றைக்குப் பார்வையாளர்களோடு உட்கார்ந்து, வேகம் அளக்கும் கருவியைப் பிடித்து ஒவ்வொரு பந்தையும் குறிக்க வேண்டும். வழக்கம் அது. ஒருவனுடைய தலைவிதியை எடை போடும்போது அவன் முழங்கை நம் விலாவில் இடித்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்?

"என்ன பெருசு, சந்தையில மாட்டைப் பாக்கற மாதிரி என் கையையே பாக்கறீங்க?" என்றான் பிரானிக்.

"பந்தைப் பாரு, அளவை விட்டுடப்போறே."

"ரெண்டு பந்து விட்டாச்சு. உங்க கால் ஆடற ஆட்டத்துல பெஞ்சே ஆடுது."

டார்சி காலை நிறுத்தினார். அடுத்த நொடி அது தானாகவே ஆட ஆரம்பித்தது.

நான்காவது இன்னிங்ஸ். யாண்டெல் மட்டையைப் பிடித்தான். முதல் பந்திலேயே சொத்தையான ஓர் அடி. பந்து உருண்டு நேராக பிட்சர் கைக்குப் போனது. அவுட் என்பது தெரிந்த கதை, ஆனாலும் முதல் தளம்வரை ஓடித் தொலைக்க வேண்டும். இவன் இரண்டடி வைத்துவிட்டு மரம் மாதிரி நின்றுவிட்டான். காலையிலிருந்து போனில் வந்த வதந்திகளையே மேய்ந்துகொண்டிருந்தவனுக்கு மனசு எங்கே மைதானத்தில் இருக்கப்போகிறது!

"ஓடுடா தடியா!" டார்சி வாய்விட்டுக் கத்திவிட்டார். அவர் தொழிலில் இருப்பவர்கள் கத்தக் கூடாது.

மேனேஜர் ஹாகர்ட்டி ஓடாதவனை ஒரு நிமிடம்கூட ஆடவிட மாட்டார். யாண்டெல் திரும்பி வந்ததும், ஒரு வார்த்தை பேசாமல் பெஞ்சைக் காட்டிவிட்டு வேறொருவனை அனுப்பினார்.

அங்கேதான் வினை. இந்த நாளில் நடு ஆட்டத்தில் ஒருவனை வெளியே எடுத்தால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான்: அவனை விற்றாயிற்று, அடிபடாமல் காப்பாற்றுகிறார்கள். முதலில், பந்து பிடிக்கும் கேட்ச்சர் எழுந்து யாண்டெலைக் கட்டிக்கொண்டான். அவ்வளவுதான், பெஞ்சே எழுந்து வரிசை கட்டி அணைத்தது. யாண்டெல் வாயைப் பிளந்து நின்றான், பிறகு அழுதான். அரங்கம் முழுக்க போன்கள் உயர்ந்தன. ஹாகர்ட்டி மட்டும் விஷயம் புரியாமல் ஓடுகிறவர்களுக்குச் சைகை காட்ட மூன்றாம் தளத்தருகே போய் நின்று சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிக்கொண்டிருந்தார்.

டார்சியைக் கேட்காமலே அக்கெர்லி விற்றுவிட்டானா? எழுந்து, மைதானத்தை மறிக்கும் வலைக்கருகே ஓடினார். அதற்குள் யாண்டெலே அந்தப் பக்கமிருந்து ஓடி வந்தான். கண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

"பெருசு! நீங்கதானே? நீங்கதானே என்னை விடச் சொன்னது?"

"டேய், கொஞ்சம் இரு..."

"மேற்குக்காரங்கதானே? அவங்க ஷார்ட்ஸ்டாப் கால் உடைஞ்சு கெடக்கான். போனதும் நான்தான்! இங்க என்ன? நம்ம தலைமை அணி ஷார்ட்ஸ்டாப்புக்கு இன்னும் ஒம்பது வருஷ ஒப்பந்தம். அவன் கிழவனாகறவரைக்கும் நான் இந்தச் சோளக்காட்டு ஊர்லயே கெடந்து சாகணும். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியலை. நீங்களாவே புரிஞ்சுக்கிட்டீங்க பாருங்க!"

டார்சி தன்னைத்தானே திட்டிக்கொண்டார். அட, மடையா! இத்தனை நாள் இவனை மேலே மேலே ஏற்றி வைத்ததெல்லாம் இவனை இங்கேயே பூட்டி வைக்கத்தானா? பாசம் பாசம் என்று பயந்தாரே, அந்தப் பாசம் இவனிடம் ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

போன் அடித்தது. அக்கெர்லி குதித்தான். "யாரு கெளப்பிவிட்டது? நான் யாரையும் இன்னும் தரலை! ஊர் பூரா அந்தக் கட்டிப்பிடி வீடியோதான். போதும் டார்சி, இப்பவே சொல்லுங்க. அஞ்சு யாரு?"

வலைக்கு அந்தப் பக்கம் யாண்டெல் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். பத்து நிமிடத்தில் இந்தப் பொய்யை நிஜமாக்கிவிடலாம். ஒரு வார்த்தை போதும்.

டார்சி திரும்பி நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அஞ்சு பிரானிக். யாண்டெல் ஆறு."

"என்னது? நீங்களா சொல்றீங்க?"

"ஆறுன்னா ஆறுதான். எழுதிக்க."

போனை வைத்தார். முதல் முறையாகப் பொய் எழுத வைத்தாயிற்று. இருந்தும் சந்தோஷமாகத்தான் இருந்தது. யாண்டெல் துள்ளிக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பினான். டார்சி தன் இருக்கைக்கு வந்து காத்திருந்தார். ஐந்தாவது இன்னிங்ஸ் போனது, ஆறாவதும் போனது. ஆட்டத்தில் ஒரு பந்துகூட அவர் கண்ணில் பதியவில்லை.

ஏழாவதில் பிரானிக்கின் போன் அடித்தது. கேட்டான். முகம் வெளுத்தது. கருவியை மெல்ல டார்சி மடியில் வைத்தான்.

"பெருசு, என்னை மாத்திட்டாங்களாம். இன்னிக்கே கெளம்பணுமாம்."

டார்சி கருவியை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு அக்கெர்லியைக் கூப்பிட்டுக் கத்தினார். "அஞ்சாவது ஆளைத் தரமாட்டேன்னு சொன்னியே!"

"நான் யாண்டெலைத்தான் கொடுத்தேன். அவங்க வேணாம்னுட்டாங்க. ஆட்டத்து வீடியோவைப் பின்னாடி ஓட்டிப் பாத்திருக்காங்க, ரெண்டடியில நின்னது வரைக்கும். ஓடாத ஆளு எங்களுக்கு எதுக்குங்கறாங்க. அவனை ஏன் விடறீங்கன்னு வேற கேட்டாங்க, நம்ம ஆளே அவனை ஆறுல போட்டிருக்கார்னு நான் சொன்னதும் பேச்சே முடிஞ்சுது. எனக்கு அந்த பிட்சர் வேணும், நான் என்ன பண்ணட்டும்?"

டார்சி படியிறங்கினார். யாண்டெல் பெஞ்சின் ஓரத்தில் நின்று, தன் மட்டைகளை நண்பர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். கையுறைகூடப் போய்விட்டது.

"யாண்டெல், இங்க வா. நீ போகலைடா. ஓடாம நின்னதுக்குத்தான் ஹாகர்ட்டி உன்னை உக்கார வச்சார். பிரானிக்தான் போறான்."

யாண்டெல் சிரித்தான், விளையாட்டென்று நினைத்து. பிறகு அவர் முகத்தைப் பார்த்தான்.

"நீங்க என்னை எத்தனாவதாப் போட்டீங்க?"

"ஆறு." அவசரமாகச் சேர்த்தார்: "நீ போகணும்னுதான்டா. நீ சந்தோஷமா இருந்தியே, அதைப் பாத்துட்டுத்தான். இல்லேன்னா உனக்கு அஞ்சே குறைச்சல். சத்தியமா."

யாண்டெல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"போகட்டும்னு ஆறாவதாப் போட்டும் அவங்க என்னை வேணாம்னுட்டாங்களா?" என்று கேட்டான்.

யாண்டெல் திரும்பிப் போய், கேட்ச்சரிடம் தன் மட்டையைத் திருப்பிக் கேட்டான்.